ஐந்தாம் மாடியிலிருந்து ஐந்து கிலோ

லிஃப்டுக்குள், எடை மெஷினின் மேல் வெறுங்காலோடு நின்ற கிராஃப் சாருக்கு ஒரே ஒரு சிக்கல்தான். தொப்பை முள்ளை மறைத்தது.

கையை எட்டி நீட்டி, போனைத் தொப்பையின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோனார். இப்போது முள் தெரிந்தது. எண்பத்தாறு. மணி ஏழு ஐம்பத்தாறு. எட்டுக்குள் படம் போய்ச் சேராவிட்டால் அறை கைவிட்டுப் போய்விடும்.

அறை என்றால் வேறெதுவும் இல்லை. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அவர் வீட்டில் காலியாகக் கிடக்கும் சின்ன அறைதான். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிற சாருக்கு, தன் ஊசல்கள், சுருள்வில்கள், சாய்தளப் பலகைகள் எல்லாவற்றையும் அங்கே பரப்பி வைக்க ஆசை. இப்போது அவை கட்டிலுக்கடியில் கிடந்து, வீடு பெருக்கும்போதெல்லாம் திட்டு வாங்குகின்றன. அவர் மனைவிக்கோ, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டிருக்கும் தையல் மெஷினை அங்கே மாற்ற ஆசை. ஆறு மாதமாக இழுபறி. இரண்டு பேரையும் டாக்டர் ஒரே நாளில் உடம்பைக் குறைக்கச் சொன்னதும், மகள் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள். நாலு ஞாயிற்றுக்கிழமைக்குள் யார் அதிகம் குறைக்கிறார்களோ, அறை அவர்களுக்கு. வாராவாரம் காலை எட்டுக்குள், இரண்டு பாதமும் முள்ளும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்ப வேண்டும்.

இரண்டு ஞாயிறு ஓடிவிட்டது. அம்மாளுக்கு மூன்று கிலோ இறங்கியிருந்தது. சாருக்கு அரைக் கிலோ. அதிலும் பாதி முடி வெட்டிக்கொண்ட புண்ணியம்.

ஓடியும் நடந்தும் ஆகாததைப் பாடப்புத்தகம் செய்துவிடும் என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. லிஃப்ட் கீழே கிளம்புகிற அந்த ஒரு நொடி, தரை காலடியிலிருந்து நழுவப் பார்க்கும். மனுஷன் மெஷினை அழுத்துவது குறையும், முள் இறங்கும். ஓட்டம் ஒரே சீரானதும் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும். கீழ்த்தளத்தில் வேகம் தணிந்து நிற்கும்போது, நேர்மாறாக, மேலே ஏறும். இதற்கு வேகம் ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கமாக வரைபடமே போட்டு வைத்திருந்தார். மனைவியின் கோபத்துக்கே வரைபடம் போடுகிறவர்; கிராஃப் சார் என்று பேர் சும்மா வரவில்லை.

மனசாட்சி கொஞ்சம் முனகத்தான் செய்தது. அதற்கும் பதில் வைத்திருந்தார். ‘நிறை எங்கிட்டயே பத்திரமா இருக்கு. குறையறது எடைதான். போட்டியும் எடைக்குத்தானே?’

பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. முள் எண்பத்தொன்றுக்கு இறங்கியது. போன் திரை அணைந்துபோனது.

பதறித் தடவி அவர் அதை எழுப்புவதற்குள் கீழ்த்தளம் வந்துவிட்டது. கட்டைவிரல் படத்தை எடுத்த இடம் அதுதான். முள் எங்கே நிற்கிறது என்று பெரிதாக்கிப் பார்க்க நேரமில்லை. மணி ஏழு ஐம்பத்தொன்பது. வந்தது வரட்டும் என்று அனுப்பிவிட்டார்.

மகள் உடனே கூப்பிட்டாள். “அப்பா, தொண்ணூத்தொண்ணு காட்டுது. ஒரு வாரத்துல அஞ்சு கிலோவா? அம்மாவுக்குத் தெரியாம எங்க போய் சாப்பிடறீங்க?”

அம்மாள் நேராகச் சமையலறைக்குப் போனாள். பிஸ்கட் டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ராத்திரித் தட்டில் நாலு துண்டு வெள்ளரிக்காய் வந்தது.

“இதுதானா?” என்றார் சார்.

“ஏன், உப்பு வேணுமா?”

அடுத்த ஞாயிறு தப்பக் கூடாது. தினமும் காலையில் மெஷினைத் துணிப்பையில் மறைத்து எடுத்துப்போய் லிஃப்டில் பயிற்சி எடுத்தார். புதன்கிழமை மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. குப்பைக் கூடையோடு அந்த மாடி அக்கா நின்றாள். ஒரு விஷயத்தை அவளிடம் சொல்வதும் தெருவில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்றுதான்.

“என்ன சார், லிஃப்டுல நின்னு காலப் படம் எடுக்கறீங்க?”

“ஆராய்ச்சி.”

“காலுலயா?”

வாயை அடைக்க வேறு வழி தெரியாமல், “நீங்களும் ஏறி நில்லுங்க” என்றார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. கதவு மூடி, லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் முள் எழுபதிலிருந்து அறுபத்தாறுக்குப் போனது.

“சார், நாலு கிலோ குறைஞ்சுடுச்சு.”

“குறையலம்மா. அந்த ஒரு நொடிதான்...”

“பத்து வருஷத்துல அந்த ஒரு நொடியாவது குறைஞ்சுதே சார்.”

“யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“சே, நான் எதுக்கு சொல்லப்போறேன்?”

சாயங்காலத்துக்குள் கட்டடத்தில் தெரியாதவர்கள், சார் நம்பியவரை, அம்மாளும் இன்னும் பேச்சு வராத குழந்தைகளும்தான்.

கடைசி ஞாயிறு ஏழரைக்குச் சார் கதவைத் திறந்தால், லிஃப்ட் வாசலில் வரிசை. மூன்றாம் மாடி அக்கா, அவள் வீட்டுக்காரர், எதிர்வீட்டுத் தையற்காரர், இன்னும் மூன்று பேர். எல்லாருக்கும் வெறுங்கால்; எல்லார் முகத்திலும் பரீட்சை எழுதாமலே பாஸாகப் போகிற களை.

“ஒவ்வொருத்தரா வாங்க” என்றார் சார்.

“நீங்க குறையறத நாங்க பாக்க வேணாமா?” என்று மொத்தப் பேரும் உள்ளே புகுந்தார்கள்.

லிஃப்ட் கிளம்பியது. முள் இறங்கியது. “குறையுது, குறையுது” என்று ஆறு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். தையற்காரரின் தலை சாரின் போனைத் தட்டிவிட்டது. கடகடவென்று ஒரு சத்தம். நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது.

முள் எண்பத்தாறில் வந்து அசையாமல் நின்றது. ஓடாத லிஃப்ட் பொய் சொல்லாது.

ஐந்து நிமிஷத்தில், மேலே கதவிடுக்கிலிருந்து அம்மாளின் குரல் கேட்டது. “என்னங்க, உள்ள இருக்கீங்களா?”

சார் மூச்சு விடவில்லை. அக்கா விட்டாள். “இருக்காரு. அஞ்சு கிலோ குறைக்கிறதுக்குள்ள நின்னுபோச்சு.”



இனி மறைத்து என்ன? சார் தலையை நிமிர்த்தி, இடுக்கைப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்புவித்தார். முள், நொடி, வரைபடம், தொண்ணூற்றொன்று, எதுவும் விடவில்லை. “நீ வெள்ளரிக்கா தின்னு, வேர்க்க விறுவிறுக்க நடந்து, நியாயமா குறைச்சிருக்க. நான் இப்படிப் பண்ணிட்டேன். அறை உனக்குத்தான்மா.”

“பாடம் சொல்லித்தர்ற மனுஷன் பண்ற வேலையா இது?” குரல் தழுதழுத்தது. “எத்தனை பிள்ளைங்க உங்களப் பாத்து வளருதுங்க. உடம்ப ஏமாத்தலாம், ஊர ஏமாத்தலாம், மனச ஏமாத்த முடியுமாங்க?”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். தையற்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு உத்தமி வாய்த்ததற்குச் சார் என்ன தவம் செய்தாரோ என்று லிஃப்டே உருகியது.

லிஃப்ட் மெக்கானிக் வந்து, மேலே ஏதோ சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டை நாலாம் மாடிக்கு ஏற்றிக் கதவைப் பிளந்தார். உள்ளே ஏழு ஜோடி வெறுங்கால்களையும் நடுவில் எடை மெஷினையும் பார்த்தார். திரும்பி, பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சலித்துக்கொண்டார்:

“என்னம்மா, அன்னைக்கு நீங்க இதே மெஷினோட லிஃப்டுல மாட்டிக்கிட்டு நின்னப்பவே படிச்சுப் படிச்சு சொன்னேன், தனியா ஏறி, கிளம்பின உடனே படத்த எடுத்துட்டு அடுத்த மாடியிலயே இறங்கிடுங்கன்னு; சாருக்கு நீங்க சொல்லித்தரலையா?”