கவச பாபாவின் காது மந்திரம்

மல்காஜ்கிரியில் கோபியின் பயிற்சிக் கொட்டகைக்கு வெளியே செருப்பு விட இடமில்லை. குத்துச்சண்டை பார்க்க வந்த கூட்டமென்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் கவச பாபாவைப் பார்க்க வந்தவர்கள். கோபியின் மணிக்கட்டில் பாபா கட்டிய தாயத்து இருக்கிறவரை எவன் குத்தும் அவன் முகத்தில் விழாதாம். நான்கு மாதமாக விழவில்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பரீட்சைக்குப் பயந்தவர்கள், மேனேஜருக்குப் பயந்த ஐ.டி.காரர்கள், மாமியாருக்குப் பயந்தவர்கள் எல்லாருக்கும் வாசலில் தனித்தனித் தாயத்து.

கோபிக்கும் சந்தேகமில்லை. ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகன் அவன். மாநிலப் பதக்கம் வாங்கியதும் ஏழெட்டுப் பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அவன் தும்மினால்கூட, "என்னா பவர்ண்ணா!" என்பார்கள். "குத்திட்டு இடது கையைக் கீழ போடுற" என்று தினமும் திட்டிய பயிற்சியாளர் செல்லப்பாவுக்குப் பொறாமை என்று தீர்ப்புச் சொல்லி, அவரை அனுப்பிவைத்தார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்தான் பாபா. குறையே சொல்ல மாட்டார். கண்ணை மூடி, "நீ வஜ்ரம்" என்பார். செல்லப்பாவின் விசிலைவிட இது கோபியின் காதுக்கு இதமாக இருந்தது.

தேசிய அணித் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அன்று கோபியோடு மோதிப் பழக, பாலாநகர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சலீம் புதிதாக வந்திருந்தான். வழக்கப்படி எதிராளியின் நெற்றியில் விபூதி பூசி, காதில் மந்திரம் ஓத பாபா எழுந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஜெஸ்ஸி. அதே கொட்டகையில் பயிற்சி எடுக்கும் குத்துச்சண்டைக்காரி. "தாயத்து கோபிண்ணா கையிலதானே இருக்கு? மந்திரம் எதுக்கு சலீம் காதுல?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. பாபா புன்னகைத்தார். "மந்திரம் இல்லாம ஏறினா இவன் உயிருக்கே ஆபத்தும்மா. வஜ்ரத்தோட மோதுறானே!"

"சலீம் பாய், பயமா இருக்கா?"

"மந்திரம் கிந்திரம் நக்கோ, வேணாம்," என்றான் சலீம், கையுறையை மாட்டிக்கொண்டே.

கோபி சிரித்தான். "விடுங்க பாபா, வரட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

பாபாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மணி அடித்தது. கோபி இடது கையால் குத்தினான். குத்திய கையைக் கீழே போட்டான். திறந்த அந்த வழியில் சலீமின் வலது கை வந்து மூக்கில் இறங்கியது.

"அண்ணன் சும்மா டெஸ்ட் பண்றாரு!" என்று கத்தினான் ஆனந்தகுமார். துதிபாடிகளில் அவன்தான் தலைவன்.

அடுத்த குத்தில் கோபி தரையில் விழுந்தான்.

"பூமியத் தொட்டுக் கும்பிடுறாரு!"

மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தபோது மட்டும் ஆனந்தகுமாருக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

"தீட்டு!" என்று பாபா அலறினார். "பொம்பள குறுக்க பேசினதால சக்தி போச்சு!"

ஜெஸ்ஸி, நான்கு மாதமாகக் கோபியோடு மோதிவந்த ஜேம்ஸ் பக்கம் திரும்பினாள். "உன் காதுல தினமும் என்ன ஓதினாரு? சொல்லு."

ஜேம்ஸ் கோபியின் மூக்கைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"மந்திரம்லாம் ஒண்ணும் இல்ல. 'மூஞ்சில அடிக்காத. அடிச்சா நாளைலேருந்து இங்க உனக்கு இடம் கிடையாது.' அவ்ளோதான். தெலுங்குப் பசங்களுக்குத் தெலுங்குல ஓதுவாரு."

எல்லாரும் பாபாவைத் தேடினார்கள். அவர் பின்வாசல் வழியாக ஆட்டோ ஏறியிருந்தார்.

கோபி தரையிலேயே உட்கார்ந்திருந்தான். மூக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. பத்து நாளில் எதிரே நிற்கப்போகிறவன் காதில் யாரும் எதையும் ஓதியிருக்க மாட்டார்கள் என்பதுதான் உறைத்தது. ஆனந்தகுமாரை நிமிர்ந்து பார்த்தான்.

"உனக்கும் தெரியுமாடா?"

"நீ சந்தோஷமா இருந்தியேண்ணா," என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

சலீமின் இரண்டு குத்தையும்விட இதுதான் ஆழமாக இறங்கியது. கோபி தாயத்தை அறுத்தெறிந்தான்.

"ஜெஸ்ஸி, என் ஆட்டத்துல வேற என்னென்ன தப்பு?"

"நல்லா உக்காருங்கண்ணா. நேரமாகும். செல்லப்பா சாரையும் கூப்பிடவா?"

"கூப்பிடு. நானே மன்னிப்புக் கேக்குறேன்."

வெளியே கூட்டம் கலையத் தொடங்கியது. "பாபா இனிமே திருமுல்கேரில உக்காருவாரா?" என்று நாலு பேர் அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பக்தகோடிகளே, மூக்கு உடைந்த பிறகுதான் யோசிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மூளை அதற்கு முன்னாலும் வேலை செய்யும். ஒருமுறை விட்டுத்தான் பாருங்களேன்!