ஹார்லன் வேண்டாம் என்ற வீடு

இந்த ஒரு விஷயத்திலாவது பெண்டாட்டியிடம் தோற்பதில்லை என்று ஹார்லன் சபதம் எடுத்துக்கொண்டார். சபதம் எடுத்த இடம் சாப்பாட்டு மேஜை. சாட்சிக்கு ஓர் அளவு டேப், கட்டம் போட்ட தாள், ஒரு கத்தரிக்கோல். அறுபத்தொன்பது வயதில் ஒரு மனிதர் கத்தரிக்கோலும் காகிதமுமாக உட்கார்ந்தால், வீட்டில் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

வில்லங்கம் போன பிப்ரவரியில் ஆரம்பித்தது. மின்னசோட்டாவில் முப்பத்தொரு வருஷம் மாவட்ட ரோடு பூராவும் லாரியில் பனி வாரியவர் ஹார்லன். ஓய்வு பெற்ற பிறகு வாருவதற்கு மிச்சமிருந்தது சொந்த வாசல் மட்டும். அதற்கென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பனி வாரும் மெஷின் வாங்கி, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். அன்று காலை சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள் லவோன். மெஷின் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஆளைக் காணோம். மெஷின் தன்பாட்டுக்குப் போய்த் தபால் பெட்டியில் முட்டி நின்றது. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனியில் கிடந்தார். லவோன் வீட்டுச் செருப்போடு ஓடினாள்.

ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். "இனி பனிப் பக்கமே போகக்கூடாது" என்றார் டாக்டர். ஹார்லன் தலையைத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் காரேஜுக்குப் போய் மெஷினுக்கு ஒரு போர்வை போர்த்திவிட்டு வந்தார்.

லவோன் பழைய வீட்டை விற்றுவிட்டாள். ஊருக்கு மேற்கே புதிதாகக் கட்டின காண்டோ வரிசையில் ஒன்றை வாங்குவதென்று முடிவாயிற்று. ஒரே கூரை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அதில் மரங்களின் பேரில் இரண்டு பிளான். ஓக் பிளானில் இரண்டு கார் நிற்கும் ஆழமான காரேஜ். மாதம் தொண்ணூறு டாலர் மெயின்டனன்ஸ். வாசல் பனியை நாமே வாரிக்கொள்ள வேண்டும். பர்ச் பிளானில் ஒற்றைக் கார் காரேஜ், வெயில் விழும் கண்ணாடி அறை. மாதம் முந்நூற்று நாற்பது. பனி வாருவது, புல் வெட்டுவது எல்லாம் அசோசியேஷன் பாடு. வாங்கும் விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஹார்லனுக்கு ஓக்தான் வேண்டும். ஏன் என்று சொல்லவா வேண்டும்?

தாளில் பிளானை வரைந்து, சோபா, கட்டில், பியானோ என்று காகிதத்தில் வெட்டி ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார். லவோன் காபியோடு வந்து நின்றாள்.

"இது என்ன, காரேஜுக்குள்ள ஒரு துண்டு? பேர் எழுதலையே?"

"அதுவா... ஒரு அலமாரி."

"அலமாரியை எதுக்குக் காரேஜ்ல வைக்கணும்?"

"வெயில் படாதுல்ல."

"ஆரஞ்சு கலர் அலமாரியா? போர்வை போர்த்தி வெச்சிருக்கியே, அதுவா?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஹார்லன் புளுகு எட்டு நொடி தாங்கவில்லை. சட்டென்று கணக்குக்குத் தாவினார்.

"இங்க பாரு லவோன். மாசம் இருநூத்தம்பது டாலர் வித்தியாசம். வருஷத்துக்கு மூவாயிரம். பத்து வருஷத்துல முப்பதாயிரம்! ஒரு புதுப் படகே வாங்கலாம்!"

"பத்து வருஷம் இருப்பியா?"

"என்ன பேச்சு இது?"

"கேட்டேன். படகை நான் மட்டும் தனியா ஓட்டணுமேன்னு." ஓக் பிளானைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். "இது... வித்தியாசமா இருக்கு."

ஹார்லன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மின்னசோட்டாவில் ஒரு பொருளைப் பார்த்து 'வித்தியாசமா இருக்கு' என்று சொன்னால், அதைக் கொண்டுபோய்க் கொளுத்து என்று அர்த்தம். இன்னும் பச்சையாக யாரும் அங்கே பேசமாட்டார்கள்.

ஆனால் அடுத்த நிமிஷமே லவோன் புன்னகைத்தாள். "உனக்குப் பிடிச்சிருந்தா ஓக் பிளானே எடுத்துக்கோ. வியாழக்கிழமைக்கு விற்பனை ஆபீஸ்ல நானே நேரம் வாங்கறேன்."

ஹார்லனுக்குக் காதுகளை நம்ப முடியவில்லை. அடுத்த அறையில் அவள் போனில் பேசுவது கேட்டது. இப்படியும் ஒரு மனைவி அமைவாளா! நன்றியில் கண் கலங்கிவிட்டது அவருக்கு. காகித மெஷினை எடுத்துக் காரேஜின் வலது மூலையில் கோந்து போட்டு ஒட்டியே விட்டார்.

வியாழக்கிழமை விற்பனை ஆபீசுக்குப் போனால் ஆர்டிஸைக் காணோம். ஆர்டிஸ் சர்ச் பாடகர் குழுவில் லவோனுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். அந்த ஆபீசில் முப்பது வருஷமாக வீடு விற்கிறாள். அவள் நாற்காலியில் வேறொருத்தி. பெயர் டானா. நியூயார்க்கிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறதாம். மூச்சு விடாமல் பேசினாள்.

"ஆர்டிஸ் இல்லையா?" என்று லவோன் காதைக் கடித்தார் ஹார்லன்.

"இன்னைக்கு இவங்கதான்."

"வாங்க சார், உக்காருங்க சார், காபி சாப்பிடறீங்களா?" என்றாள் டானா.

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்."

"சரி." காபிப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஹார்லன் திகைத்துப்போனார். அவர் ஊரில் எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை 'வேண்டாம்.' இரண்டாவது தடவை 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்?' மூன்றாவது தடவை 'இவ்வளவு சொல்றீங்கன்னா, அரைக் கப் மட்டும்.' முதல் தடவையே கையை நீட்டுகிறவன் காணாததைக் கண்டவன். சர்ச் விருந்தில் கடைசி இனிப்புத் துண்டைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, கண்ணுக்குத் தெரியாத பொடியாகும் வரை தட்டில் மிச்சம் வைப்பார்களே தவிர, எடுத்து வாயில் போடமாட்டார்கள். அப்படி வளர்ந்த நாக்கு அது.

"எனக்கு ஒரு கப் குடுங்க" என்றாள் லவோன். முதல் தடவையிலேயே! ஹார்லன் வெட்கத்தில் தரையைப் பார்த்தார். நாற்பத்துமூன்று வருஷத்தில் அவள் இப்படி நடந்து அவர் பார்த்ததில்லை. அப்போதாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

டானா பிளான்களை மேஜையில் விரித்தாள். "ஓக் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் சார். ஃபார்கோலேருந்து ஒரு குடும்பம் லைன்ல காத்திருக்காங்க. உங்க பேருக்கு எழுதிடட்டுமா?"

ஹார்லனின் நெஞ்சு குதித்தது. அவருடைய ஓக்! அவருடைய காரேஜ்! மூலையில் ஆரஞ்சு மெஷின்! சந்தோஷத்தில் வாயைத் திறந்தார். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு... பாவம், அவங்க அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க. அவங்களே எடுத்துக்கட்டுமே..."

"சரி சார்!" டானா போனை எடுத்தாள். "ஹலோ? ஓக் உங்களுக்குத்தான். ஆமாம், இந்த நிமிஷமே. வாழ்த்துகள்!"

போனை வைத்துவிட்டாள். மொத்தம் பன்னிரண்டு நொடி. இரண்டாவது 'வேண்டாம்' ஹார்லனின் வாயிலேயே நின்றுவிட்டது.

"அது வந்து..." என்றார்.

"சொல்லுங்க சார்?"

சொல்லலாம். 'எனக்கு அந்த வீடு வேண்டும்' என்று நான்கே சொல். ஆனால் 'எனக்கு வேண்டும்' என்று ஒரு மனிதர் முகத்துக்கு நேரே அவர் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. வேர்த்துக் கொட்டியது.

"ஒண்ணுமில்ல. காபி நல்லா மணக்குதுன்னேன்."

"நாங்க பர்ச்சையே எடுத்துக்கறோம்" என்றாள் லவோன். பேனாவைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள்.

அக்டோபரில் குடியேறினார்கள். ஒற்றைக் காரேஜில் கார் நின்றதும் மூச்சு விடக்கூட இடமில்லை. மெஷின் விலை போயிற்று. வாங்கினவர் எதிர் வரிசை ஓக் வீட்டுக்கு வந்த ஃபார்கோக்காரர்.

நவம்பரில் முதல் பனி பெய்தது. முழங்கால் அளவு. ஹார்லன் காலை ஏழு மணிக்குக் கண்ணாடி அறையில் காபியோடு உட்கார்ந்தார். அசோசியேஷன் லாரி வந்தது.

"ஓரத்தை விட்டுட்டுப் போறான் பாரு! இதெல்லாம் பனி வாரறதா? பிளேடைச் சாய்க்கணும்டா, சாய்க்கணும்!" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"அவனுக்குக் கேக்காது" என்றாள் லவோன், பின்னல் ஊசியை விடாமல்.

எதிர் வீட்டில் ஃபார்கோக்காரர் ஆரஞ்சு மெஷினைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முன்பக்கம் தபால் பெட்டியில் முட்டின நசுங்கல் இங்கிருந்தே தெரிந்தது. ஹார்லன் பெருமூச்சு விட்டார். இருபது நிமிஷம் தள்ளிவிட்டு ஃபார்கோக்காரரும் விட்டார், அவருக்கு அது வேலை செய்த மூச்சு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹார்லன் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்தது. காலுக்கு இதமாக வெயில் விழுந்தது. காபி சூடாக இருந்தது. பிப்ரவரிப் பனியில் கிடந்த மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய கொடுப்பினை! அந்தக் குளிரில் வீட்டுச் செருப்போடு ஓடி வந்த கால்கள் இதோ பக்கத்து நாற்காலியில் கம்பளிக் காலுறைக்குள் ஆடிக்கொண்டிருந்தன. மனசு அப்படியே இளகிவிட்டது.

"லவோன், நான் இன்னைக்கு உயிரோட உக்காந்து காபி குடிக்கறேன்னா அது உன்னாலதான். ரொம்ப நன்றி."

"அடேயப்பா! என்ன, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு மட்டும் புரியலை. ஞாயித்துக்கிழமை சர்ச்ல ஆர்டிஸைப் பார்த்தேன். அன்னைக்கு அவ ஆபீஸ்லதான் இருந்தாளாம், பக்கத்து ரூம்ல. நீதான் போன் பண்ணி, 'நீ வேண்டாம், அந்த நியூயார்க்காரியே போதும்'னு சொன்னியாமே?"

"ஆமா."

"ஏன்? ஆர்டிஸ் உன் சிநேகிதிதானே?"

லவோன் ஊசியைக் கீழே வைத்தாள். "ஆர்டிஸ் மூணு தடவை கேட்டிருப்பாளே, ஹார்லன்."

எதிரே ஃபார்கோக்காரர் மறுபடி மெஷினை உதைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ கல்யாணத்துக்கு மட்டும் என்னை மூணு தடவை கேட்டியே? திருவிழாவுல ஒண்ணு, ஏரிக்கரையில ஒண்ணு, நடன ராத்திரியில ஒண்ணு. மூணாவது தடவைதானே சரின்னேன்?"

"நீ எனக்கு வேணும்னு இருந்தது. கேட்டேன். அந்தக் காரேஜ் எனக்கு வேண்டாம்னு இருந்தது. கேக்கவிடலை." மறுபடி ஊசியை எடுத்தாள். "இன்னொரு கப் காபி வேணுமா?"

ஹார்லன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டதெல்லாம் போதும். இனி அந்தப் பழைய தப்பைச் செய்யப்போவதில்லை.

"வேணும்!" என்றார், வாழ்நாளிலேயே முதல் தடவையாக, முதல் தடவையிலேயே.

"அப்போ எழுந்து போய்ப் போடு. எனக்கும் சேர்த்து."