அரைப் பேர்

அக்கரப்பத்தனை

மரியாதைக்குரிய மச்சான் செல்லசாமி அவர்களுக்கு, அவிசாவளையில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. இங்கே உங்கள் தங்கை காளியாயி நலம். நான் நலமா என்று யாரும் கேட்காததால் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு வந்து பால் காய்ச்சியபோது நீங்களும் வந்திருந்தீர்கள். அப்போது இங்கே குடியிருப்போர் சங்கம் இல்லை. இப்போது இருக்கிறது. தலைவர், ஓய்வுபெற்ற கண்டாக்கு ஜெயகாந்தன். முப்பது வருடம் தேயிலை மலையில் ஆள் மேய்த்தவருக்குக் கை சும்மா இருக்குமா? தினமும் காலை ஆறரைக்குச் சங்க வாசலில், தோட்டத்தில் மாதிரியே பெரட்டு. வீட்டுக்கு ஒருவர் போய் நிற்க வேண்டும், அவர் கொப்பியைப் பார்த்துப் பேர் வாசிப்பார். கேட்டுக்குப் பச்சை நிறம்தான், வாசலில் லீக்ஸ் பாத்தி போடக் கூடாது, முன்வேலியில் துணி காயப்போடக் கூடாது. இந்த ஊரில் வெயில் வருவதே பத்து நிமிடம், அதுவும் முன்வேலிக்குத்தான் வரும். என் சாரத்தைப் போட்டேன். மறுநாள் கண்டாக்கு மூக்குக்கண்ணாடியை இறக்கி, "இவருக்கு இன்னைக்கு அரைப் பேர்" என்றார்.

கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் அரை நாள் வேலையாகப் பதிவதைத்தானே அரைப் பேர் என்போம்? நான் சங்கத்தில் வேலைக்கா நிற்கிறேன் என்று சிரித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எல்லோரும் என்னைப் "பழனி" என்றார்கள். என் பேரின் பின்பாதி ஆண்டியைக் காணோம். பாசமாகக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தால் அதிலும் பழனிதான், மிச்சம் வெறும் வெள்ளை. கோபத்தில் சாரத்தோடு போர்வையையும் வேலியில் போட்டேன். அடுத்த பெரட்டில் என் பேரையே வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடப்பதை எப்படி எழுதுவேன் மச்சான். இஸ்ஸதீன் நானா கடையில் சீனி கேட்டு நிற்கிறேன், அவர் என்னைத் தாண்டி மழையைப் பார்த்து, "ஒத்தரும் வரல்லயே" என்கிறார். பக்கத்து வீட்டு லோஜினி நனைந்த குடையை என் மேல் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். குடை விழுந்தால் பயந்துவிடுவாளே என்று அசையாமல் நின்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. காளியாயிக்கு மட்டும் நான் தெரிகிறேன். நாற்பது வருடத்தில் ஒரு தடவையாவது புருசன் பேரைச் சொன்னவளா அவள்? கண்டாக்கு வெட்டுவதற்கு அவள் வாயில் என் பேரே இல்லை. "ஏங்க, சாப்பிட வாங்க" என்று அவள் கூப்பிடுவதில்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

அவள் போய்க் கண்டாக்கிடம் அழுதாள். "வீட்டுக்காரர் பேர பெரட்டுல நின்னு ஒன் வாயால சொல்லும்மா, எழுதிக்கிறேன். மாசம் முடிஞ்சா புதுக் கொப்பி. அப்பறம் என்னால ஏலாது" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள், "கட்டுனவரு பேர எப்படிங்க சொல்றது, நாக்கு வரமாட்டேங்குதுங்க" என்று மூலையில் உட்கார்ந்துவிட்டாள். புதுக் கொப்பி வந்தால் அவளுக்கும் நான் தெரியாமல் போய்விடுவேனோ மச்சான்? நீங்கள் அண்ணன். உடனே வந்து தங்கைக்குப் புத்தி சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், படிப்பில் குறை வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்
(பேர் எழுதப் போனால் பேனாவில் மை இறங்கவில்லை)

பி.கு.: வர வேண்டாம் மச்சான். எல்லாம் சரியாகிவிட்டது. காளியாயி பெரட்டில் போய் நின்றாள். என் பேரைச் சொல்ல வாய் வராமல் திணறி, பதற்றத்தில் அண்ணன் உங்கள் பேரைச் சொல்லிவிட்டாள். கண்டாக்கு அதையே எழுதிக்கொண்டார். இப்போது இஸ்ஸதீன் நானா, "வாங்க செல்லசாமி" என்று முக்காலி போடுகிறார். போன வாரம் பெட்டியில் போட்ட இந்தக் கடிதத்தைத் தபால்காரர் இன்று என்னிடமே நீட்டினார். அவிசாவளை என்று எழுதியிருக்கிறதே என்றேன். "அங்க அந்தப் பேருல யாருமே இருந்ததில்லையாங்க" என்றார். உறையைப் பிரித்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போது காளியாயி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "குடிங்கண்ணே, ஆறிரும்" என்றாள்.