போதும், இனி அனுப்ப வேண்டாம்

ஷௌகத் அலி சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது சக்கர நாற்காலி வாசலில் வந்து இறங்கியது.

ஆட்டோக்காரர் அதை மடக்கி, பின்சீட்டில் ஒரு பயணியைப் போல உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தார். "சேட்டா, சஃபியா இத்தாவோட வீடு இதல்லே?" என்றார்.

"போன வாரம் வரைக்கும் என் வீடுன்னு சொல்லிட்டிருந்தாங்க," என்றார் ஷௌகத் அலி.

சமையலறையிலிருந்து சஃபியா எட்டிப்பார்த்தாள். ஒன்றைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தாயிற்று. மற்ற மூன்றும் கூடத்தில் வரிசையாக நின்றன, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

ஆரம்பம் சின்னதுதான். எர்ணாகுளத்துக்கு அக்கரையில், பஜார் ரோட்டில் ஷௌகத் அலிக்குச் சாக்குக் கடை. அந்தக் கடையையும் அக்கம்பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிகளையும் பெருக்கிக் கொடுப்பவள் பேச்சியம்மாள். மீன் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து அவள் கணுக்காலை முறித்துக்கொண்டாள். பார்க்கப் போன சஃபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சக்கரம் வச்ச வண்டி ஒண்ணு கிடைச்சாப் போதும், யார் கையையும் எதிர்பார்க்காம இருந்துக்குவேன் சஃபியாம்மா," என்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் சஃபியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலமே மகள் ஹாதியா போனில் ஒரு போஸ்டர் செய்தாள். கல்லூரியில் படிக்கும் ஹாதியாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் 'சக்கர நாற்காலி வேண்டும்' என்று மலையாளத்தில் எழுதினாள். மேலே மாவுக்கட்டுப் போட்ட காலின் படம், கீழே உம்மா சஃபியாவின் போன் நம்பர். அது குடும்ப குரூப்பிலிருந்து திருப்பூணித்துறைக்குப் போய், அங்கிருந்து ஷார்ஜாவுக்குப் போய், சுற்றிக்கொண்டு இடப்பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாற்காலியை இடப்பள்ளி ஃபிளாட் அசோசியேஷன்காரர்களே நேரில் கொண்டுவந்தார்கள். முன்னால் பேனர், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். பேச்சியம்மாளை நாற்காலியில் உட்கார வைத்தபோது அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். செகரட்டரி ஷைலஜா போனை உயர்த்தி, "அம்மே, ஒண்ணு சிரிக்கு!" என்றாள். பேச்சியம்மாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். படம் நன்றாக வந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"ஹாதியா, கிடைச்சாச்சு, இனி வேண்டாம்னு ஒரு மெசேஜ் போட்டுடு," என்றாள் சஃபியா, ஐந்தாவதைத் துடைத்தபடி.

ஹாதியா போட்டாள். 'தேவையானது கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. இனி அனுப்ப வேண்டாம்.'

மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை.

"இத்தா, இத்தனை வருஷமா எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கேன். போதும்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்," என்றார் எர்ணாகுளத்திலிருந்து ஒரு வக்கீல். "இந்தக் காலத்துல யாரை நம்புறதுன்னே தெரியல. க்யூஆர் கோடை ஒட்டி வச்சுட்டு ஊரை ஏமாத்துறாங்க. நீங்க நம்பக்கூடிய ஆளு. நாளைக்கு ஒரு நாற்காலி அனுப்பறேன்."

"சார், வேண்டாம்னுதானே..."

"அதான் சொல்றேன்! அந்த மனசு யாருக்கு வரும்?"

அந்த வாரத்தில் இன்னும் ஆறு வந்தன.

கூடம் நிறைந்ததும் ஷௌகத் அலி தன் கிட்டங்கியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சாக்குக் கட்டுகள் வெளியே வெயிலுக்கு வந்தன. நாற்காலிகள் உள்ளே நிழலுக்குப் போயின.

"நாமளே வேற யாருக்காச்சும் குடுத்துடலாம்," என்றாள் சஃபியா. எர்ணாகுளத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டாள். எடுத்த கமலாக்ஷி என்ற அம்மாள் அலுப்போடு சிரித்தாள்.

"நாற்காலியா? இங்க மாடிப்படிக்கு அடியிலயே ஒன்பது இருக்கு இத்தா. எங்களுக்கு வேண்டியது பெரியவங்களுக்குக் கட்டுற டயப்பர். அதைக் கேட்டா ஒருத்தரும் குடுக்க மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"டயப்பரோட நின்னு யாரு போட்டோ எடுப்பாங்க?"

சஃபியாவுக்கு அது புரிந்தது. வக்கீலைக் கூப்பிட்டு, நாற்காலிக்குப் பதில் டயப்பராகக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். நல்ல மனிதர், உடனே ஒத்துக்கொண்டார். இரண்டு பெட்டி டயப்பரும் வந்தது, நாற்காலியும் வந்தது. டயப்பரை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் அனுப்பியிருந்தார்.

டயப்பர் அன்றே கமலாக்ஷியிடம் போய்ச் சேர்ந்தது. நாற்காலி கிட்டங்கிக்குப் போனது.

"எழுதினா யாரும் படிக்கறதில்ல உம்மா," என்றாள் ஹாதியா. "எத்தனை வந்து கிடக்குதுன்னு கண்ணால பார்த்தாத்தான் நிறுத்துவாங்க. நான் ஒரு போட்டோ எடுத்துப் போடறேன்."

அவள் கிட்டங்கிக்குப் போன நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. உள்ளே நாற்காலிகள் நெருக்கமாக நின்றன. ஹாதியா வாசலில் நின்றபடியே ஒரு படம் எடுத்து, மேலே ஒரு வரி எழுதி, எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

மாலையில் ஷௌகத் அலி கடையைத் திறந்தபோது எதிர்க்கடை வெங்கிட்டு ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"நிக்காதீங்க, நிக்காதீங்க! ஏன் எழுந்தீங்க?"

"கடை திறக்க."

"அதை நாங்க பார்த்துக்க மாட்டோமா? இவ்வளவு நாளா மறைச்சு வச்சிருக்கீங்களே!"

சற்று நேரத்தில் பஜாரில் பாதி பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் ஆரஞ்சு கொண்டுவந்தார், ஒருவர் இளநீர். வருஷக்கணக்கில் விலைக்குச் சண்டை போடும் ஒரு அரிசி வியாபாரி, கேட்ட விலைக்கே நூறு சாக்கு எடுத்துக்கொண்டு, போகும்போது ஷௌகத் அலியின் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஆரஞ்சுப் பையோடு வீட்டுக்கு வந்த ஷௌகத் அலி மகளைக் கூப்பிட்டார். "எந்தா போட்டோ போட்டே? காட்டு."

ஹாதியா காட்டினாள். நாற்காலிகளுக்கு நடுவே, ஒன்றில் தலை சாய்ந்து, வாய் பிளந்து, ஒரு கை தொங்க, ஷௌகத் அலி மதியத் தூக்கத்தில் இருந்தார். அவரை அவள் கவனிக்கவே இல்லை.

"மேல என்ன எழுதியிருக்கு?"

ஹாதியா தொண்டையைச் செருமினாள். "'இனி தாங்கான் வய்யா'ன்னு, அத்தா."

இனித் தாங்க முடியாது என்ற அந்த வரியைக் கேட்டதும் சஃபியா சிரிப்பை அடக்கச் சமையலறைக்கு ஓடினாள். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பாலக்காட்டிலிருந்து ஷௌகத் அலியின் தம்பி அன்சார் வந்து நின்றான். கிடைத்த ரயிலில் ஏறியிருக்கிறான்.

"அண்ணே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று கட்டிக்கொண்டு அழுதான்.

"எனக்கு ஒண்ணுமில்லடா. மத்தி பொரிச்சிருக்கு, உட்காரு."

"பாருங்க மைனி, இந்த நிலமையிலயும் என் பசியைத்தான் நினைக்கிறாரு," என்று இன்னும் அழுதான்.

ஷௌகத் அலி எழுந்து கூடத்தில் மேலும் கீழும் நடந்து காட்டினார். குனிந்து நிமிர்ந்து காட்டினார். அன்சார் அதைப் போனில் பிடித்து, 'என் அண்ணனின் மன உறுதி' என்று போட்டுவிட்டான். மறுநாள் ஒரு நாற்காலி மோட்டாரோடு வந்தது.

சஃபியா அதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் இல்லை. யாரைக் கோபிப்பது? எல்லோரும் நல்லவர்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இந்த ஒன்றரை மாத அமளியில் பேச்சியம்மாளைப் போய்ப் பார்க்கவே நேரம் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் கமலாக்ஷியே வழி சொன்னாள். திருப்பூணித்துறையில் ஸ்ரீநாத் என்பவர் படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஒரு சங்கம் நடத்துகிறாராம். அவர் ஒரு வேனோடு வந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு நாற்காலியையும் தள்ளிப் பார்த்தார், பிரேக்கை அமுக்கிப் பார்த்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு ரெண்டு மாசம், மூணு மாசம் வேண்டிவரும் இத்தா. குடுத்துத் திருப்பி வாங்கிக்குவோம். எல்லாத்துக்கும் வேலை இருக்கு. இனி யாராவது கூப்பிட்டா என் நம்பரைக் குடுங்க."

சஃபியாவுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

வேன் நிறைந்ததும், "ஒண்ணு இங்கயே இருக்கட்டுமா? அவசரத்துக்கு உதவும்," என்றார் ஸ்ரீநாத்.

"ஒண்ணு கூட வேண்டாம்!" என்று சஃபியாவும் ஷௌகத் அலியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வேன் திரும்பிப் போனதும் கிட்டங்கி காற்றோட்டமாகிவிட்டது. சாக்குக் கட்டுகள் உள்ளே வந்தன. வெங்கிட்டு மட்டும் வேன் போன திசையைப் பார்த்துவிட்டு, "பூரண குணமாயிட்டாரு," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சஃபியா ஒரு டப்பாவில் அரிசி மாவில் சுட்ட பத்திரி எடுத்துக்கொண்டு பேச்சியம்மாளைப் பார்க்கக் கிளம்பினாள். எத்தனை நாற்காலி வந்தால் என்ன, ஒன்று உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததே. அதை நினைக்க மனசு நிறைந்திருந்தது.

வீடு பூட்டியிருந்தது. "படகுத்துறையில இருக்கும்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பாவம், காற்று வாங்க யாரோ தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள் போல என்று நினைத்தபடி சஃபியா நடந்தாள்.

படகுத்துறை வாசலில் சின்னக் கூட்டம். விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நடுவில் சக்கர நாற்காலி இருந்தது. உட்காரும் இடத்தில் பலகை. பலகை மேல் அடுப்பு. அடுப்பின் மேல் இட்லிப் பானை. கால் வைக்கும் தகட்டில் ஒரு குட்டி சிலிண்டர். முதுகில் ஒட்டியிருந்த அசோசியேஷன் பெயர் ஆவியில் வெந்துகொண்டிருந்தது. பின்னால் பேச்சியம்மாள், மாவுக்கட்டு அவிழ்த்த காலோடு சேர்த்து இரண்டு காலும் ஊன்றி நின்று, வாழையிலையில் இட்லி வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பேச்சியக்கா!" என்றாள் சஃபியா. "இது... நீங்க உட்கார்றதுக்குக் குடுத்ததில்லையா?"

பேச்சியம்மாள் முகம் மலர்ந்துபோனது. கையைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி கிட்டே வந்தாள்.

"நான் அன்னைக்குக் கேட்டதே இட்லி விக்க ஒரு தள்ளுவண்டிதான் சஃபியாம்மா, இதுவும் நல்லாத்தான் ஓடுது... இன்னொண்ணு இருந்தாக் குடுங்களேன், சாம்பாருக்கு இடம் பத்தல."