மேடையில் ஓர் அறிதுயில்

வானம் மழையைப் பொழிவதும் ஜொகூர் பாருவில் எங்கள் கழகம் பாராட்டைப் பொழிவதும் கைம்மாறு கருதாத செயல்கள். இரண்டிலும் நனைபவரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை.

‘அயலகம் சென்று பணியாற்றும் செவிலியரின் மனநிறைவு’ குறித்துக் கவலையுற்ற கழகம், மும்முறை கூடி, மும்முறையும் வடை உண்டு, சிங்கப்பூர் மருத்துவமனையொன்றில் பணிபுரியும் திருமதி யோகேஸ்வரிக்கு விழா எடுத்து, அவர் மனநிறைவை அவர் வாயாலேயே கேட்பதெனத் தீர்மானித்தது. செயலாளனாகிய அடியேன் ‘செவிலியர் பள்ளியெழுச்சி’ என்னும் பாமாலை யாத்தேன்.

இரவுப் பணி முடித்து, சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூர் பாருவையும் இணைக்கும் பாலம் கடந்து வந்தவரை, கணவர் குணாளன் காலையில் மோட்டார் சைக்கிளில் கொணர்ந்து மண்டப வாயிலில் இறக்கினார்.

“ஐயா, இன்னைக்கும் நைட் டியூட்டி இருக்கு. கொஞ்சம் தூங்கினாத்தான் ஆகும். சீக்கிரம் முடிஞ்சிடுமா?”

“அரை மணி நேரந்தான் மிஸ்ஸி!” என்றார், செவிலியரை எங்கள் ஊர் வழக்கப்படி ‘மிஸ்ஸி’ என்றழைக்கும் தலைவர் ராஜசேகரன்.

சிறப்பு விருந்தினர் இன்னும் பாதி வழியிலுள்ள லாபிஸ் ஊரையே தாண்டவில்லை என்பதைக் கூறி யோகேஸ்வரியின் மனநிறைவைக் குலைக்க நாங்கள் விரும்பவில்லை.

சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்ததும் நண்பகலில் விழா தொடங்கியது. பொன்னாடை மேல் பொன்னாடை போர்த்தினோம். கதகதப்பு ஏற ஏற, யோகேஸ்வரியின் இமைகள் இறங்கின. அவையோர் முணுமுணுத்தனர். அடியேன் ஒலிவாங்கியைப் பற்றினேன்: “அன்பர்களே, இஃது உறக்கமன்று! பாற்கடலில் பரந்தாமன் கொள்ளும் அறிதுயில்!”

“பாருங்க, வேலையில எவ்வளவு திருப்தி இருந்தா ஒரு மனுஷி இப்படித் தூங்குவாங்க!” என்று தலைவர் உருகினார்.

“அலமாக்! அவ டயர்டு லா ஐயா! வீட்டுக்கு விடுங்க!” என்று கடைசி வரிசையிலிருந்து குணாளன் கூவினார். அதனை ‘வாழ்த்தொலி’ எனக் குறிப்பேட்டில் பதிந்தேன்.

ஆயினும் மனநிறைவு பற்றிய வினா எஞ்சியிருந்தது. அவரைத் துயிலெழுப்பப் பள்ளியெழுச்சி பாடினேன். பத்தாம் பாடலில் முதல் மூன்று வரிசைகளும் அறிதுயிலில் ஆழ்ந்தன. பதினோராம் பாடலின் உச்சத்தில் ஒலிபெருக்கி ‘கீச்ச்’ என அலறியது.

யோகேஸ்வரி துள்ளி எழுந்தார். அருகிருந்த தலைவரைத் தோளோடு பற்றி, மாலைகளுக்கிடையே மேசைமீது கிடத்தி, நாடி பிடித்தார்.

“அங்கிள், அசையாதீங்க! பேசவே பேசாதீங்க!”

கழக வரலாற்றில் தலைவரின் பேச்சு நிறுத்தப்பட்டது அதுவே முதன்முறை. மண்டபம் விழித்துக்கொண்டது, கரவொலி கூரையைத் தொட்டது.

தாம் இருக்குமிடம் விளங்கியதும் யோகேஸ்வரி நாணினார். “சாரி அங்கிள். வார்டுல மிஷின் இப்படிக் கத்தினா யாருக்கோ உயிர் போகுதுன்னு அர்த்தம்.”

“பரவால்ல மிஸ்ஸி. படுத்தா நல்லாத்தான் இருக்கு,” என்றார் தலைவர், எழாமலே.

தருணம் கனிந்ததெனக் கண்டு, அடியேன் வினவினேன்: “அம்மையீர், அயலகப் பணியில் தாங்கள் எய்திய தலையாய மனநிறைவு யாது?”

“வேலை முடிஞ்சா, ‘வீட்டுக்குப் போய்த் தூங்கு’ன்னு விட்டுடுவாங்க ஐயா. அங்க யாரும் எனக்கு விழா எடுக்கிறதில்ல.”

இத்துணைத் தன்னடக்கமா! கண்கலங்கினோம். பொன்னாடைகளைத் தலைவரின் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டு, யோகேஸ்வரி குணாளனின் மோட்டார் சைக்கிளில் ஏறி மறைந்தார்.

அம்மையார் இனிதே துயின்றாரா என்னும் கவலை எங்களை அரித்தது. ஆகவே அன்று பிற்பகலே கழகத்தார் அனைவரும் திரண்டு சென்று, மேளதாளத்துடன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம்.