இந்தாங்க, பேசுங்க!

போன்நீட்டி என்றோர் இனம் உண்டு. இரண்டு கால், நான்கு சக்கரம், ஒரு போன். சொந்தமாக வால் கிடையாது. பிடித்துக்கொள்ள யாராவது பெரிய மனிதரின் வால் கிடைத்தால் போதும்.

இதைச் சட்டத்தின் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்தின் மேல் இதற்கு இருக்கும் பக்தி நீதிபதிகளுக்கே இருக்குமா என்பது சந்தேகம். அலுவலக நண்பரின் பதவி உயர்வுக்கான மதிய விருந்தில், மூன்றாவது கோப்பையை உயர்த்தி, "குடிச்சிட்டு ஓட்டறவன் லைசென்ஸைக் கிழிச்சுப் போடணும்! தயவு தாட்சண்யமே கூடாது!" என்று மேசையைத் தட்டியவரும் இந்த இனம்தான்.

"மாமா, ஆட்டோல போயிடலாமே" என்றான், விருந்துக்குக் கூட வந்திருந்த, கார் ஓட்டத் தெரியாத மச்சினன்.

"நான் ஸ்டெடிடா மாப்ளே!" என்றபடி அவர் பக்கத்துக் காரைத் திறக்கப் பார்த்தார்.

பாலத்தடியில் சோதனை. முன்னால் நின்ற ரொட்டி வேன்காரர் ஊதினார். கருவி கத்தியது.

"அம்மா, லைசென்ஸ் போச்சுன்னா வேலையும் போச்சும்மா."

"குடிக்கும்போது தெரியலையா? ஓரமா நில்லுப்பா" என்றார் பெண் காவலர்.

நம்மவர் கார்க் கண்ணாடியை இறக்கினார். "அப்படிப் போடுங்கம்மா! இவங்களையெல்லாம் விடவே கூடாது."

"சார், நீங்களும் கொஞ்சம் ஊதுங்க சார்."

"நானா?"

'சட்டம் எல்லோருக்கும் பொது' என்பதில் தானும் அடக்கம் என்பதை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேள்விப்பட்டவரின் வியப்பு அது. அடுத்த கணம் போனை அமுக்கி நீட்டினார்.

"இந்தாங்க, பேசுங்க. பெரிய இடம்."

காவலர் விறைப்பாக நின்று போனை வாங்கினார். வேன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த நாடகத்தை அவர் பலமுறை பார்த்தவர்.

"வணக்கங்க... ஆமாங்க, வாசனை வருதுங்க... அப்படியே செய்யறேங்க."

நம்மவர் தம் போனில், தமக்குத் தெரிந்த போலீஸ் உயர் அதிகாரியை 'மேலதிகாரி' என்றும், மனைவியை விளையாட்டாக 'மேலிடம்' என்றும் போட்டு வைத்திருந்தார். அகர வரிசையில் இரண்டும் அடுத்தடுத்து. ஸ்டெடியான விரல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது.

"உங்க வீட்டம்மாதான் சார். நல்லா மூச்சை இழுத்து ஊதச் சொன்னாங்க. தம்பியை ஆட்டோல வரச் சொன்னாங்க."

மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். நம்மவர் ஊதினார். வேன்காரருக்குக் கத்தியதைவிட ஒரு பிடி கூடுதலாகவே கத்தியது கருவி. லைசென்ஸ் காவலரின் பைக்குள் போனது.

"இப்படி வாங்க சார், இங்க நிழலா இருக்கு" என்று வேன்காரர் நகர்ந்து இடம்கொடுத்தார்.

சட்டம் அன்று ஜெயித்தது என்று கைதட்டிவிடாதீர்கள். விரல் தவறியது, அவ்வளவுதான். சரியான வரியில் பட்டிருந்தால் ஓரமாக ஒருவர் மட்டுமே நின்றிருப்பார்.

நீங்கள் குடிப்பவர் அல்ல, கார்கூட இல்லை என்கிறீர்களா? மகிழ்ச்சி. ஆனால் 'அந்தப் பாலத்தடியில் நானாக இருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பேன்?' என்று யோசித்தபோது உங்கள் ஞாபகத்துக்கு ஒருவர் வந்தாரே, அவர் சௌக்கியமா?