பென்சிலில் பதில் எழுதும் கன்னியம்மா

மேற்குத் தாம்பரம்,
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மச்சான் மதியழகன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவர் ரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. திருநீர்மலையில் தாங்களும், தங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது நாளான என் மனைவி சுபத்ராவும் நலமாக இருக்க ரங்கநாதரை வேண்டுகிறேன். என் நம்பரை அவள் தன் போனிலும் உங்கள் போனிலும் பிளாக் செய்துவிட்டதால், ஆட்டோக்காரர் ஆபேலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இனிப் புத்தகம் வாங்குவதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்தது உண்மைதான். அதனால்தான் வாங்கியதை அரிசி டிரம்முக்குள் வைத்தேன். ஒரே ஒரு பழைய நாவல், இருநூறு பக்கம், முகர்ந்து பார்த்துவிட்டேன், அதற்கப்புறம் கீழே வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். முதல் பக்கத்தில் 'கன்னியம்மா, பம்மல்' என்று பெயரும் ஊரும், கீழே தெருவும் இருந்தன. ஓரமெல்லாம் அந்த அம்மாளின் பென்சில் குறிப்புகள். கதாநாயகனைப் பற்றி 'இவன் பொய் சொல்றான்' என்று ஒன்று. எனக்குப் பொறுக்கவில்லை. நானும் பென்சில் எடுத்து 'அவன் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது' என்று கீழே எழுதினேன். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையே திருத்திக் கொடுத்தவன் நான், பழக்க தோஷம். மறுநாள் அதற்குக் கீழே 'நீங்களும் ஆம்பளைதானே' என்று பதில், அதே கையெழுத்தில். சுபத்ராவின் குறும்பு என்று சிரித்துக்கொண்டேன். அரிசி எடுக்கப் போனவள் கண்ணில் பட்டது சரியாக அந்தப் பக்கம். "அரிசி டிரம்முல ஒளிச்சு வெச்சு எழுதிக்கிற அளவுக்கு யாருங்க அவ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகும் பதில் நிற்கவில்லை. வீட்டில் நான் ஒருத்தன், கதவோ உள்தாழ்ப்பாள். நூற்று நாற்பதாம் பக்கத்தில் 'மெதுவாத் திருப்புங்க, என் கண்ணாடி பம்மல்லயே இருக்கு' என்று இருந்தது. புதன்கிழமை மத்தியானம் நூற்று அறுபதில் 'குழம்பு தீயுது' என்று. ஓடினால் நிஜமாகவே அடிபிடித்துக்கொண்டிருந்தது. 'நன்றி' என்று எழுதிய பிறகுதான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்தேன்.

மனசு கேட்காமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மலுக்குப் போனேன். அந்தத் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் குணா என்பவர்தான் கன்னியம்மாவின் மகன். புத்தகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். "அம்மா செத்துப் பூட்டு நாலு வருசம் ஆவுது சார். கடைசி இருபது பக்கம் பட்ச்சி முடிக்கலன்னு ஒரே பேஜாரு. நான்தான் எல்லா புக்கையும் எடைக்குப் போட்டேன்" என்றார். கண்ணாடியைக் கேட்டேன். அம்மாவோடு சேர்த்தே பம்மல் இடுகாட்டில் புதைத்துவிட்டார்களாம்.

ஆகவே அந்தப் பெண்மணி உயிரோடு இல்லை. சுபத்ரா சந்தேகப்பட இடமே இல்லை. இதை நீங்கள் எடுத்துச் சொல்லி அவளை இன்றே அழைத்து வரவேண்டும். வந்ததும் புத்தகத்தை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறேன். அவள் இல்லாத வீடு நன்றாகவே இல்லை மச்சான், பயமாக இருக்கிறது. நேற்று நூற்று எண்பதாம் பக்கத்தில் 'ரத்தினம்' என்று எழுதியிருந்தது. என் பெயரை நான் அந்தப் புத்தகத்தில் எங்கும் எழுதவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும், சுபத்ராவுக்கு மன்னிப்பும்.

இப்படிக்கு,
ரத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் படித்துப் பார்த்தேன். 'இன்றே' என்ற சொல்லைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் 'இருபது பக்கம்தானே, முடிச்சிடுவோமே' என்று எழுதியிருக்கிறது. யோசித்தால் கேட்பதில் தப்பில்லை. கடைசி இருபது பக்கத்தில் புத்தகத்தைப் பிடுங்கினால் நானாக இருந்தாலும் எழுந்துதான் வந்திருப்பேன். சுபத்ரா வியாழக்கிழமைக்கு மேல் வந்தால் போதும். உங்கள் வீட்டில் பழைய படிக்கிற கண்ணாடி ஏதாவது இருந்தால், அதை மட்டும் ஆபேலிடம் இன்றே கொடுத்தனுப்பவும்.